அத்தியாயம் 7: கழல மறுக்கும் விசிறி நட்டு

வாட்டர் பம்ப் ஒழுகுகிறது. புதுப் பம்ப் வாங்கியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையும் கையில் இருக்கிறது. ஆனால் பம்புக்கு முன்னால் விசிறி நிற்கிறது. விசிறியைப் பிடித்திருக்கும் நட்டு அசைய மறுக்கிறது. வீட்டில் வண்டி வேலை பார்க்கத் துணிந்த பலர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடுவது இந்த இடத்தில்தான்.

சித்தூர், திருப்பதி பக்கம் இந்த நட்டு இறுகிப்போக வாய்ப்புகள் ஏராளம். ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பம்பின் சீல் வழியாகக் கசிந்து, காய்ந்து, நட்டின் மேல் வெள்ளை உப்பாகப் படிகிறது. உப்புக்கு அடியில் துரு. துருவுக்கு அடியில் நட்டு.

இந்த ஊரில் விசிறியை அலட்சியமாகவும் விட முடியாது. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இல் வந்தது, இரண்டாவது 1974-இல். இப்போது ஏறுவது இரண்டாவதில், இறங்குவது முதலாவதில். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், முன்னாலிருந்து காற்று வராது. அந்த நேரத்தில் ரேடியேட்டரைக் குளிர வைப்பது விசிறி மட்டும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஜாம் ஆயிடுச்சு’ என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட விசிறி நட்டுகளில் உண்மையிலேயே ஜாம் ஆனவை குறைவு. திருப்பும் பக்கம் தப்பாக இருக்கும், அல்லது நட்டோடு சேர்ந்து புல்லியும் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே பலத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டி எந்த வகை?

டார்ச் அடித்து விசிறிக்குப் பின்னால் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நான்கு சிறு நட்டுகள்: டொயோட்டா குவாலிஸ், டீசல் இன்னோவா போன்றவை. விசிறியும் அதன் நடுவிலிருக்கும் உருண்டையான விஸ்கஸ் கிளட்சும் பம்பின் புல்லியோடு நான்கு நட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். குவாலிஸ் விற்பனை 2005-இல் இன்னோவா வந்ததும் நின்றுவிட்டது. திருப்பதியில் யாத்திரிகர்களை ஏற்றி ஓடிய அந்த வண்டிகள் சில இன்னும் ஓடுகின்றன. அவற்றின் நட்டுகள் பலர் கைபட்டு மூலை தேய்ந்திருக்கும்.

ஒரே பெரிய நட்டு: கிளட்சின் பின்புறமே ஒரு பெரிய நட்டாக இருந்து, பம்பின் தண்டில் நேராக முறுகிக்கொள்ளும். லேண்ட்ரோவர் டிஸ்கவரியின் பழைய டீசல் இன்ஜினிலும், 1990-களின் ஆறு சிலிண்டர் பி.எம்.டபிள்யூ. கார்களிலும் இது 32 மி.மீ. நட்டு, மரையும் இடது மரை. நம் பட்டறைகளில் ‘ரிவர்ஸ் மரை’ என்பார்கள்.

மோட்டார் விசிறி: ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10 போன்ற சிறு கார்கள். இவற்றில் விசிறியை இன்ஜின் சுற்றுவதில்லை. தனி மோட்டார் சுற்றுகிறது. இந்த அத்தியாயம் அவற்றுக்கு இல்லை. ஆனாலும் ஓர் எச்சரிக்கை: சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் சூட்டில் அந்த விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும். பேட்டரி இணைப்பு இருக்கும்வரை அதன் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

முந்தின நாள் மாலை செய்ய வேண்டியவை

இந்த வேலையில் பாதி முந்தின நாளே முடிந்துவிட வேண்டும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்து எட்டரைக்கு முடிக்கப் பார்க்கிறார்கள்.

1. விசிறி சுற்றும் பக்கத்தைக் குறியுங்கள். வேறொருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பம்பருக்கு முன்னால், எட்டி நின்று பாருங்கள். ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிற்கப்போகும் கடைசி இரண்டு சுற்றில் பக்கம் தெளிவாகத் தெரியும். துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் விசிறிப் பக்கம் போகக்கூடாது.

2. இன்ஜின் ஆறட்டும்.

3. கையைத் தாராளமாக விடும் அளவுக்கு ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் நட்டைச் சுற்றியுள்ள உப்பையும் துருவையும் தேய்த்து எடுங்கள். பிரஷ் பேச்சுக் கேட்காத மூலைகளில் பழைய ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டுங்கள். மரையின் வாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத மரைக்குள் எண்ணெய் போகாது.

4. டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கும் எண்ணெயை மரையின் வாயில் அடியுங்கள். அரைமணி கழித்து மறுபடியும், படுக்கப் போகும் முன் ஒரு தடவை. மண்ணெண்ணெயும் டீசலும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. பெல்ட்டின் மேல் ஒரு துளி பட்டாலும் அப்போதே துடைத்துவிடுங்கள். மறுநாள் பெல்ட்டின் பிடிதான் உங்களுக்குத் துணை. அது வழுக்கினால் எல்லாம் வழுக்கும்.

எண்ணெய் அடித்த பிறகு நட்டின் பக்கவாட்டில் சிறு சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள். அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். முன்னாலிருந்து பின்னோக்கி, அதாவது பம்பை நோக்கி, ஒருபோதும் அடிக்காதீர்கள். பம்பை மாற்றுவதாக இருந்தால் பரவாயில்லை. விசிறியை மட்டும் மாற்றுகிறவர் ஒரு தட்டில் பம்பின் பேரிங்கையும் சீலையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வார்.

எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு நட்டு வண்டிக்கு 10, 12 இரண்டு நம்பரிலும் ரிங் ஸ்பானர் வேண்டும். நட்டில் ஆட்டமில்லாமல் உட்காருவதையே எடுங்கள். ஆறு மூலை ரிங் கிடைத்தால் நல்லது; பன்னிரண்டு மூலை ரிங் தேய்ந்த நட்டில் நழுவும்.

பெரிய நட்டுக்கு ஒல்லியான ஓப்பன் ஸ்பானர் தேவை. விசிறிக்கும் புல்லிக்கும் இடையிலுள்ள சந்தில் கடையில் விற்கும் தடித்த ஸ்பானர் நுழையாது. ஆறு மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டித் தரச் சொன்னால் லேத் பட்டறையில் செய்து கொடுப்பார்கள். திருப்பதி ஆட்டோநகரிலோ சித்தூரில் நீங்கள் பழகிய பட்டறையிலோ பழைய ஸ்பானரைக் கொடுத்து இருபுறமும் தேய்த்து ஒல்லியாக்கியும் வாங்கலாம். நட்டை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ‘பெரிய நட்டுங்க’ என்று கையை விரித்துக் காட்டினால் அளவு தப்பும்.

அரைக் கிலோ சுத்தியல், கண்ணாடி, தடித்த கையுறை, பழைய ஃபேன் பெல்ட் ஒன்று, நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவர். இவற்றோடு ஓர் அட்டைப்பெட்டி. மே, ஜூனில் சித்தூர்க்காரர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை. மாம்பழம் வந்த பெட்டியே போதும். அது எதற்கு என்று பின்னால் வருகிறது.

பைப் ரிங்ச்சையும் ஸ்க்ரூ ஸ்பானரையும் பையிலேயே விட்டுவிடுங்கள். இரண்டும் நட்டின் மூலையைத் தின்னும்.

எந்தப் பக்கம் திருப்புவது?

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இடது, வலது என்ற பேச்சையே இங்கே விட்டுவிடுவோம். பானெட்டுக்குள் தலையைக் கவிழ்த்து, மேலிருந்து ஸ்பானரைப் பிடித்தவனுக்கு இடதும் வலதும் கலங்கிப்போகும். கடிகார முள் போகும் பக்கம் வலஞ்சுழி, எதிர்ப்பக்கம் இடஞ்சுழி. பார்க்கும் இடமும் ஒன்றே: பம்பருக்கு முன்னால் நின்று முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

நான்கு சிறு நட்டுகள் சாதாரண மரை. ஊறுகாய் பாட்டில் மூடியைப் போல இடஞ்சுழியில் கழலும். இதில் குழப்பமில்லை.

குழப்பம் பெரிய நட்டில்தான். அதற்கு நான் பின்பற்றும் விதி இது: வண்டி ஓடும்போது விசிறி எந்தப் பக்கம் சுற்றுமோ, அதே பக்கம் திருப்பினால் நட்டு கழலும். காரணத்தை ஒரு வரியில் சொல்கிறேன். விசிறியைக் காற்று பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பு நட்டை மேலும் இறுக்கும்படிதான் மரையை வெட்டுகிறார்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் விசிறி கழன்று ரேடியேட்டரைக் கிழித்துவிடும். பெரும்பாலான இன்ஜின்களில் விசிறி வலஞ்சுழியாகச் சுற்றுவதால் நட்டும் வலஞ்சுழியாகத்தான் கழலும். பெல்ட்டின் முதுகுப் பக்கம் பம்பைச் சுற்றும் சில இன்ஜின்களில் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும், மரையும் மாறிவிடும். முந்தின நாள் பார்த்துக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலிருக்கும் டேபிள் ஃபேனைப் பாருங்கள். முன்கூட்டைக் கழற்றி, இறக்கையைப் பிடித்திருக்கும் நடு மூடியைத் திருகுங்கள். இறக்கை சுற்றும் அதே பக்கம் அது கழலும். அங்கே தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மூடியை உடைத்தவர்கள் எத்தனை பேர்! பிளாஸ்டிக் என்பதால் உடைந்தது. இரும்பு நட்டு உடையாது. உங்கள் பலத்தை எல்லாம் வாங்கி இன்னும் இறுகிக்கொள்ளும். ஒரு மணி நேரம் தப்பான பக்கம் முறுக்கிய நட்டைச் சரியான பக்கம் கழற்றுவது, முதலில் இருந்ததைவிட இரண்டு மடங்கு வேலை.

குறிப்பு: மாம்பழ அட்டையில் கழற்ற வேண்டிய பக்கத்துக்கு ஒரு பெரிய வளைந்த அம்பு வரைந்து, ரேடியேட்டரின் பின்புறம், விசிறிக்கும் அதற்கும் நடுவில் செருகுங்கள். இன்ஜின் பக்கமிருந்து குனிந்தால் அம்பு தலைகீழாகத் தோன்றக்கூடாது என்பதற்காக, பம்பருக்கு முன்னால் நின்றபடி வரைந்த அதே அம்பை ஒரு காகிதத்திலும் போட்டு பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

புல்லியைப் பிடித்து நிறுத்துவது

நட்டைத் திருப்பினால் புல்லியும் கூடவே வரும். புல்லி வந்தால் உங்கள் பலம் நட்டுக்குப் போகாது.

நான் முதன்முதலில் குவாலிஸ் விசிறியைக் கழற்றியபோது மிகுந்த முறையோடு தொடங்கினேன். முதல் வேலையாக ஃபேன் பெல்ட்டைக் கழற்றிப் பத்திரமாகச் சுருட்டி வைத்தேன். அதன் பிறகு ஸ்பானரைப் போட்டால் விசிறி, கிளட்ச், புல்லி எல்லாம் ராட்டினம் மாதிரி ஒன்றாகச் சுற்றின. கையால் விசிறியைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். இறக்கைகள் உள்ளங்கையில் நாலு கோடு போட்டன. மதியம் பெல்ட்டைத் திரும்ப மாட்டி, இறுக்கி, அதற்குப் பிறகு நட்டில் கைவைத்தேன். நாலும் பத்து நிமிடத்தில் இளகின.

ஆகவே நட்டு இளகும்வரை பெல்ட்டைத் தொடாதீர்கள். தளர்ந்திருந்தால் முதலில் இறுக்குங்கள். பிறகு கீழ்க்கண்டவற்றை இந்த வரிசையில் முயலுங்கள்:

1. இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெல்ட்டை ஒரு கையால் (கையுறையோடு) அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்பானரை இழுங்கள். சாதாரண இறுக்கத்துக்கு இதுவே போதும்.

2. புல்லி நழுவினால், அதன் முகத்திலுள்ள இரண்டு போல்ட் தலைகளுக்கு இடையில் நீள ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே முட்டுக்கொடுங்கள். நான்கு நட்டு வண்டியில், ஒன்றைக் கழற்றும்போது மற்ற இரண்டு நட்டுகளுக்கு நடுவில் முட்டுக்கொடுக்கலாம். முட்டு ரேடியேட்டரிலோ ஹோஸ் பைப்பிலோ போய்ச் சாயக்கூடாது. கெட்டியான இரும்பில்தான் சாய வேண்டும்.

3. பழைய ஃபேன் பெல்ட்டைப் புல்லியில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு கட்டைக்கழியில் முறுக்கிப் பிடியுங்கள். கழியைச் சாய்க்கச் சாய்க்க பெல்ட் கடிக்கும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது, செலவே இல்லை.

4. இதற்கும் மசியாவிட்டால் லேத் பட்டறையில் அரை மீட்டர் இரும்புப் பட்டையில், புல்லியின் போல்ட் தலைகள் உட்காரும் அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை செய்தால் வண்டி உள்ளவரை பயன்படும்.

கழற்றும் வரிசை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்குள் விட்டால் யாராவது ஒரு குழந்தை அதைத் திருப்பும்.

2. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். (உங்கள் வண்டியில் இருப்பது அமரான் என்றால் அது ரேணிகுண்டா போகும் வழியில் கரகம்பாடியில் பிறந்த சரக்காக இருக்கலாம்.)

3. ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டியதில்லை. விசிறியை எடுக்கத் தண்ணீர் இறக்க வேண்டாம். பம்பை எடுக்கும்போதுதான் வேண்டும். எதற்கும் தெரிந்துகொள்ளுங்கள்: சூடான ரேடியேட்டரில் உள்ள தண்ணீர் அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் கொதித்து முகத்தில் பாயும்.

4. விசிறியைச் சுற்றியிருக்கும் கவரின் போல்ட்டுகளைக் கழற்றி, இன்ஜின் பக்கம் தள்ளி வையுங்கள். சில வண்டிகளில் விசிறியும் கவரும் ஒன்றாகத்தான் மேலே வரும்.

5. அட்டை ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரின் சல்லடைத் தகடுகள் காகிதம் போன்றவை. நழுவிய ஸ்பானரின் ஒரு குத்து போதும், நூறு ரூபாய் வேலை சில ஆயிரமாக மாறும்.

6. ஸ்பானரை நட்டின் அடிவரை உட்கார வையுங்கள். முனையில் மட்டும் பிடித்தால் மூலை தேயும்.

7. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அளவு அசைத்துப் பாருங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் துருவின் பிடி எந்தப் பக்கம் அசைந்தாலும் உடையும். பிறகு கழற்றும் பக்கம்.

8. மெதுவாக, நீளமாக இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் பெல்ட் வழுக்கும், இன்ஜினும் கூடச் சுற்றும். வெடுக்கென்று ஒரு சுண்டு. பெரிய நட்டுக்கு ஸ்பானரின் நுனியில் சுத்தியலால் ஒரே ஒரு கூர்மையான அடி, அம்பு காட்டும் பக்கம். மூன்று நான்கு அடிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் பாக்கி எல்லாம் விரலாலேயே வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். ஸ்பானரின் நுனி சிதறிக் கண்ணில் தெறிப்பது நடக்கக்கூடியதே.

9. உடம்பை எப்படி வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். முடிந்தவரை ஸ்பானரை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களை மடக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையை விரித்துத் தள்ளுங்கள். நட்டு திடீரென்று இளகும்போது மடங்கிய விரல்முட்டிதான் முதலில் போய் இரும்பில் மோதும்.

10. நான்கு நட்டு வண்டியில் ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நாலையும் அரைச் சுற்று இளக்கி, அதன் பிறகு பெல்ட்டைத் தளர்த்தி, அதற்கும் பிறகு முழுக்கக் கழற்றுங்கள். கடைசி நட்டைக் கழற்றும்போது இன்னொரு கை விசிறியைத் தாங்கியிருக்க வேண்டும்.

உதவிக்கு ஆள் வைத்தால்

ஒருவர் புல்லியைப் பிடிக்க, ஒருவர் நட்டைத் திருப்ப, வேலை பாதியாகும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் தமிழ், ஒருவர் தெலுங்கு. பேசிவைத்துக்கொள்ளாமல் தொடங்கக்கூடாது.

வேலூரிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் ஒருநாள் ஸ்பானரை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் கழியைப் பிடித்திருந்தான். கழி நழுவத் தொடங்கியதும் அவன் “ஆகன்னா, ஆகன்னா!” என்று கத்தினான். நிறுத்துங்கள் அண்ணா என்று அர்த்தம். மைத்துனர் காதில் அது “ஆகும்ணா, ஆகும்ணா” என்று விழுந்தது. உற்சாகமாகி முழு பலத்தோடு இழுத்தார். ஸ்பானர் பறந்து போய் அட்டையில் குத்தி நின்றது. அட்டை இல்லாவிட்டால் அன்றைக்கு ரேடியேட்டர் போயிருக்கும். “ஆகும்னுதானே சொன்னான்?” என்று மைத்துனர் இன்றுவரை வாதாடுகிறார்.

தெலுங்கில் ‘குடி’ என்றால் வலது, ‘எடம’ என்றால் இடது, ‘திப்பு’ என்றால் திருப்பு, ‘ஆகு’ என்றால் நில். இதைத் தெரிந்துகொண்டாலும், கத்தும்போது வேறு ஏதாவது ஒரே சொல்லை வைத்துக்கொள்வது பத்திரம். நாங்கள் ‘ஸ்டாப்’ என்று வைத்துக்கொண்டோம். அது இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

அப்போதும் அசையாவிட்டால்

பக்கம் சரி, புல்லி அசையவில்லை, எண்ணெய் ஓர் இரவு ஊறியது. இருந்தும் நட்டு அப்படியே இருக்கிறது என்றால் இப்போதுதான் அது உண்மையிலேயே இறுகிய நட்டு.

கொதிக்கும் தண்ணீரைக் கெட்டிலில் கொண்டுவந்து நட்டின் மேல் மட்டும் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அடியில் யாரும் இருக்கக்கூடாது, காலில் செருப்பு அல்ல, ஷூ இருக்க வேண்டும். நட்டு சற்று விரியும். ஆறத் தொடங்கும்போது மறுபடியும் எண்ணெய் அடியுங்கள். சுருங்கும் மரை அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி ஒரு சுண்டு. இதை இரண்டு மூன்று தடவை செய்யப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் தீயைத் தேடுவார்கள்.

கேஸ் டார்ச்சை வீட்டில் பற்றவைக்காதீர்கள். பட்டறையில் செய்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் எங்கே காட்டலாம், எங்கே கூடாது என்று தெரிந்து செய்கிறார்கள். விஸ்கஸ் கிளட்சுக்குள் சிலிக்கான் எண்ணெய் அடைத்து மூடப்பட்டிருக்கிறது. தீ பட்டால் அது வெடிக்கலாம். இறக்கை பிளாஸ்டிக். நீங்கள் இரவெல்லாம் அடித்த எண்ணெயோ தீப்பிடிக்கும் சரக்கு.

சிறு நட்டின் மூலை முழுக்கத் தேய்ந்து உருண்டையாகிவிட்டால், ஒரு நம்பர் சிறிய ரிங் ஸ்பானரைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்கிப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் கூர்மையான உளியை நட்டின் ஒரு முகத்தில் நேராக வைத்து வெட்டி நட்டைப் பிளக்கலாம். நட்டு போகட்டும், சில்லறைக் காசு. நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் முறிந்தால் மட்டும் கவலை. பம்பையே மாற்றப்போகிறீர்கள் என்றால் அதுவும் இல்லை.

பெரிய நட்டை உளியால் வெட்டாதீர்கள். அது கிளட்சின் உடம்பு. அந்த நிலைக்கு வந்துவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். அதில் ஒன்றும் அவமானம் இல்லை. ‘இந்தப் பக்கம் இவ்வளவு நேரம் திருப்பினேன்’ என்று மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அவருக்கு அரைமணி மிச்சமாகும்.

கழன்ற பிறகு

விஸ்கஸ் கிளட்சைப் படுக்க வைக்காதீர்கள். வண்டியில் எப்படி நின்றதோ அப்படியே சுவரோடு நிறுத்தி வையுங்கள். படுத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் கசியலாம். அதன் முகத்தில் ஏற்கனவே எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் அப்பியிருந்தால் கிளட்ச் போகும் காலம் வந்துவிட்டது.

ஒவ்வோர் இறக்கையின் அடியையும் வெளிச்சத்தில் காட்டி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பம்பின் தண்டை மேலும் கீழும் அசையுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. பம்பின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். அங்கே வெள்ளைக் கோடு வடிந்திருந்தால் சீல் கசிகிறது. உங்கள் நட்டைத் துருப்பிடிக்க வைத்த ஆசாமி அதுதான். பம்பை மாற்றுங்கள், போர் தண்ணீரை நிறுத்தி, கூலண்ட் ஊற்றுங்கள்.

பழைய கூலண்டை இறக்கினால் திறந்த பேசினில் விட்டுவைக்காதீர்கள். அது இனிக்கும், தெருநாய் நக்கும், செத்துப்போகும்.

திரும்ப மாட்டுதல்

மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, விரல்நுனியில் எடுத்த கிரீஸைப் படலமாகத் தடவுங்கள். அடுத்த தடவை இந்த அத்தியாயம் உங்களுக்குத் தேவைப்படாது. நான்கு நட்டுகளையும் கையால் முறுக்கி உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி இறுக்கி, பிறகு எதிரெதிராக இறுக்குங்கள். முழு பலத்தைக் காட்ட வேண்டாம். சிறு ஸ்டட், முறியும். பெரிய நட்டு ஓட ஓடத் தானே இறுகிக்கொள்ளும். ஸ்பானரால் கெட்டியாக ஒரு பிடி போதும்.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். விசிறியைக் கையால் ஒரு சுற்று சுற்றி, கவரில் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். அட்டையை எடுங்கள். சிரிக்காதீர்கள், அட்டையோடு ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு. பேட்டரியை மாட்டி, எட்டி நின்று, ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் காது கொடுங்கள்.

கடைசியாக, நட்டிலிருந்து ஸ்டட்டுக்கு, அல்லது பெரிய நட்டிலிருந்து புல்லிக்கு, நகப்பாலிஷில் ஒரு கோடு போடுங்கள். நேராக மலையேறப் போகாதீர்கள். சித்தூரில் இருப்பவர்கள் காணிப்பாக்கம் வரை, பத்துப் பன்னிரண்டு கி.மீ., போய்ப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வாருங்கள், திருப்பதிக்காரர்களுக்குச் சந்திரகிரி. வீட்டுக்கு வந்து, இன்ஜின் ஆறியதும், டார்ச் அடித்துக் கோட்டைப் பாருங்கள். சிறு நட்டில் கோடு விலகியிருந்தால் இறுக்கிவிட்டு இன்னொரு தடவை காணிப்பாக்கம். விலகாமல் இருந்தால் அடுத்த வாரம் அலிபிரி வழியாக மலை.